இல்லத்து உயிர்களும் இல்லறத்தார் விரதமும்



கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரக்கூடிய அதிசாரங்கள், அதாவது விரதத்தைக் கறைப்படுத்தும் குற்றங்கள், ஐந்து என நம் ஆசாரியப் பெருமக்கள் வகுத்துள்ளனர். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவு கடந்த பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவற்றை உரைத்தார். சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இவற்றை எடுத்தோதுகின்றன. சிறு வயதில் மனப்பாடமாக ஒப்புவித்த இப்பட்டியலை இன்று சற்று நின்று நோக்குவோம். காட்டில் திரியும் மானின் மீது யாரும் பாரம் ஏற்றுவதில்லை. வானில் பறக்கும் புறாவுக்கு யாரும் தீனியைத் தடுப்பதில்லை. நம்மை நம்பி நம் வாயிலில் கிடக்கும் உயிருக்கே இவ்வைந்தும் நேர இயலும். வேலையாட்களும் இதில் அடங்குவர் எனினும், ஆசாரியர்களின் கண்முன் முதலில் நின்றவை தொழுவத்து மாடும் கட்டுத்தறிக் கன்றுமே என்பதில் ஐயமில்லை.

நம் முன்னோர்க்கு இவை அன்றாடப் பாடம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டங்களில் நிலமும் மாடுமாய் வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. ஏரில் பூட்டிய காளைக்கு நண்பகலில் நுகத்தை இறக்குவதும், கன்றுக்கு விட்ட பிறகே பால் கறப்பதும் விரதத்தின் பகுதி என்று யாரும் சொல்லித்தராமலே நடந்தன. இன்று பிள்ளைகள் தாம்பரத்திலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் வீடு கட்டிக் குடியேறிவிட்டனர். தொழுவம் போயிற்று, அவ்விடத்தில் நாய் வந்தது, பூனை வந்தது, கூண்டில் பறவை வந்தது. உயிர் மாறியதே அன்றி அதிசாரம் மாறவில்லை.

நாள் முழுவதும் கார் நிறுத்தும் முகப்பில் இரண்டு முழச் சங்கிலியில் நிற்கும் நாய்க்கு அது கட்டி வைத்தலே. அழகுக்காக டாபர்மேன் நாயின் காதை வெட்டி நிமிர்த்துவது உறுப்பறுத்தலே. காது, மூக்கு முதலியவற்றை நீக்குவதே இவ்வதிசாரம் என்று பூஜ்யபாதர் சர்வார்த்தசித்தியில் விளக்கியிருக்கிறார். பாரம் ஏற்றுவது இக்காலத்தில் முதுகிலிருந்து வயிற்றுக்கு மாறிவிட்டது. அன்பு என்ற பெயரால் பிஸ்கட்டும் நெய்ச்சோறும் ஊட்டி, படியேற இயலாத அளவுக்கு நாயைப் பருக்கச் செய்யும் இல்லங்களை எங்கும் காண்கிறோம். உணவையும் நீரையும் தடுத்தல் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. மேல்சித்தாமூர்த் தேருக்கு மூன்று நாள் புறப்படும் குடும்பம் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினால், தேர் வடம் பிடித்த புண்ணியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கருத்தடை அறுவையும் உறுப்பறுத்தல்தானே என்று சிலர் வினவுகின்றனர். நோக்கத்தை வைத்தே இதனை அளக்க வேண்டும் என்பது நம் கருத்து. நம் கண்ணுக்கு அழகாகத் தோன்றக் காதை அறுப்பதும், பெண் நாய்க்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் கோத்து உயிருக்கே இடர் விளைவதைத் தடுக்க மருத்துவர் மயக்கம் கொடுத்து அறுவை செய்வதும் ஒரே செயலாகா. நெஞ்சில் கஷாயம் இருக்கிறதா, கருணை இருக்கிறதா என்பதே வினா.

மற்றொரு தடையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுவாமி கார்த்திகேயரின் அனுப்பிரேட்சை நூல், பூனை முதலிய பிற உயிரைக் கொல்லும் பிராணிகளை வளர்ப்பதை அனர்த்த தண்டத்துள், அதாவது பயனற்ற பாவச் செயல்களுள், சேர்த்துள்ளது. ஆகவே காசு கொடுத்துப் பூனைக்குட்டி வாங்குவதற்கு நாம் பரிந்துரைக்கவில்லை. அதிலும் பூனையின் உடல் டாரின் என்னும் சத்தைத் தேவையான அளவு தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. பாலும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் நாளடைவில் கண் மங்கும், இதயமும் தளரும். நாய் அப்படியன்று. மருத்துவர் வகுத்துத் தரும் சரிவிகித மரக்கறி உணவில் அது நலமாக வாழ இயலும். ஆயினும் மழையில் நனைந்து நம் வாயிற்படியில் ஒதுங்கிய குட்டியின் நிலையும், பிள்ளைகள் முன்னமே கொணர்ந்துவிட்ட பிராணியின் நிலையும் வேறு. வளர்க்கலாமா என்ற ஆராய்ச்சிக்கு அங்கே காலம் கடந்துவிட்டது. அடைக்கலம் கொடுத்த பின் அவ்வுயிர் நம் பொறுப்பு.

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு. இவற்றுள் முனிவர்க்கும் அறவோர்க்கும் பக்தியால் தருவது ஒன்று. துன்புறும் எவ்வுயிர்க்கும் கருணையால் தருவது மற்றொன்று. இரண்டாவதற்கு விலங்கும் உரியது. தில்லி சாந்தினி சௌக்கில் திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் அடிபட்ட பறவைகளுக்கென மருத்துவமனை நடப்பதை யாத்திரை சென்ற பலரும் கண்டிருப்பீர்கள். அந்த ஔஷத தானத்தை நம் வீட்டுக் கூடத்திலேயே செய்ய இன்று ஒரு வசதி வாய்த்திருக்கிறது. புறநகர்ப் பகுதிகளில் கால்நடை மருத்துவர்கள் பலர் வீட்டுக்கே வந்து பார்க்கின்றனர்.

இதனைச் செல்வர்களின் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாகாது. முப்பது கிலோ எடையுள்ள கிழ நாயை மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, ஆட்டோக்காரரிடம் மன்றாடி, நெரிசலில் கொண்டு செல்வது நோயினும் கொடிய துன்பம். பூனையோ வண்டி ஓசையில் நடுங்கி, மருத்துவர் தொடுமுன்னே பாதி உயிராகிவிடும். தடுப்பூசி முடியாத குட்டியை நோயுற்ற நாய்கள் வந்து போகும் இடத்தில் தரையில் விட்டால், பார்வோ என்னும் வயிற்றுப்போக்கு நோய் அங்கிருந்தே தொற்றக்கூடும். அந்நச்சுயிரி தரையில் பல மாதம் அழியாது கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடும் ஊசிகளையும், மூன்று மாதமானதும் போடும் வெறிநோய்த் தடுப்பூசியையும் வீட்டிலேயே போட்டுக்கொள்வது குட்டிக்கு நலம். எல்லாம் வீட்டில் ஆகிவிடும் என்பதும் இல்லை. எலும்பு முறிவுக்கும், பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் நிலைக்கும் நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். வருபவர் 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தானா என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. பிராணிக் கடைக்காரர் மருத்துவர் ஆகமாட்டார்.

இனி, இவ்வுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். நோய் முற்றிய நிலையில், வீட்டுக்கு வந்த மருத்துவரிடம் பல இல்லங்களில் கேட்கப்படுவது ஒன்றே: ‘டாக்டர், ஒரு ஊசி போட்டு அனுப்பி வைத்துவிடலாமா?’ 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் பிராணியை அழிக்க இடம் தருகிறது. சட்டம் இடம் தருவதெல்லாம் விரதம் இடம் தருவதாகுமா?

இவ்வினா புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிர்தசந்திர சூரி புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். மிக்க துன்பத்தில் கிடக்கும் உயிரைக் கொன்றால் அதன் துன்பம் விரைவில் ஒழியும் என்று எண்ணி அதனைக் கொல்வதும் தகாது என்பதே அவர் முடிவு. உடலை அழிப்பதால் அசாதா வேதனீய வினை அழிவதில்லை. அடுத்த பிறவிக்கு உடன் செல்கிறது. மேலும், அத்துயரைக் காணப் பொறாத நம் மனத்தின் வேதனையைத் தீர்த்துக்கொள்ளவே பல நேரங்களில் நாம் ஊசியைத் தேடுகிறோம். அதற்குக் கருணை என்று பெயரிடுகிறோம்.

சீவகசிந்தாமணியில் குணமாலையார் இலம்பகத்தை நினைவு கூர்க. உணவைத் தீண்டியதற்காக அடியுண்டு உயிருக்குப் போராடும் நாயைச் சீவகன் காண்கிறான். பிழைக்க வழியில்லை என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. படைக்கலம் பயின்ற வீரன் அவன். ஒரு நொடியில் அதன் போராட்டத்தை முடித்திருக்கலாம். அவன் அதனருகே அமர்ந்து பஞ்ச நமஸ்காரத்தை அதன் செவியில் ஓதினான். அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகிப் பின்னர் அவனுக்கு உற்ற துணையானது நாம் அறிந்த கதை. தேவனானது பெரிதா? அடிபட்ட நாயின் அருகே அரசகுமரன் ஒருவன் தரையில் அமர்ந்தானே, அதுவே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

வேறு சிலர் எதிர்த்திசையில் சென்று தவறுகின்றனர். ‘நம் மதத்தில் சல்லேகனை உண்டே, நாயும் உண்ணாமல் கிடக்கிறது, அப்படியே விட்டுவிடுவோம்’ என்கின்றனர். ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர்: மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாயிருந்தபோது, சாரண முனிவரின் அறவுரை கேட்டு விரதம் ஏற்று, ஊனைத் துறந்து, அமைதியாக உயிர் நீத்தார். மனமுள்ள ஐயறிவு விலங்கு அணுவிரதம் ஏற்கும் தகுதி உடையது என்பது ஆகமத்தின் துணிபு. சமவசரணத்திலும் விலங்குகளுக்கு ஓர் அவை உண்டு. ஆனால் அந்தச் சிங்கம் தானே உணர்ந்து ஏற்றது. உணர்ந்து ஏற்பவருக்கே சல்லேகனை. ஒருவர் மற்றொருவர் மீது அதைச் சுமத்த முடியாது. வாயில் புண் வந்தோ, சிறுநீரகம் பழுதுபட்டுக் குமட்டியோ உண்ணாமல் கிடக்கும் நாய்க்குத் தண்ணீரையும் வைக்காமல் விட்டு அதனைச் சல்லேகனை என்பது, ஐந்தாம் அதிசாரத்துக்குப் புனிதப் பெயர் சூட்டுவதாகும்.

‘அதன் வினை, அது அனுபவிக்கிறது’ என்ற பேச்சும் அத்தகையதே. நம் தலைவலியையும் வினை என்று விட்டுவிடுகிறோமா? வினை உள்காரணம் என்றால் மருந்து புறத்துணை. புறத்துணையாக நிற்கும் வாய்ப்பு நமக்கு வரும்போது அதனைக் கைவிட ஆகமத்தை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்?

தாம்பரத்தை அடுத்த ஒரு நகரில், வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர் இல்லம் ஒன்றில் நடந்ததைக் கூறுகிறோம். பதினான்கு வயதான நாட்டு நாய். பின்னங்கால்கள் இரண்டும் விழுந்துவிட்டன. ஓய்வு பெற்ற குடும்பத் தலைவர் ஊசி போட்டுவிடச் சொன்னார். அவருடைய தாயார் கூடாது என்றார். வந்திருந்த மருத்துவர் இருவர் சொல்வதையும் கேட்டுவிட்டு, அம்மையாரைப் பார்த்து, ‘ஊசி வேண்டாம் என்று சொல்வது எளிது, பாட்டியம்மா. இரவு இரண்டு மணிக்கு இதை யார் புரட்டிப் படுக்க வைப்பீர்கள்?’ என்று கேட்டார். யாரும் விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து அம்மையார், ‘எனக்குத்தான் தூக்கம் வருவதில்லையே, டாக்டர். இரண்டு மணி என்னுடையது. ஆறு மணி அவன் பார்ப்பான்’ என்று மகனைக் காட்டினார். மகன் மறுக்கவில்லை. மருத்துவர் வலிக்கு மருந்து எழுதி, நான்கு நாளைக்கு ஒருமுறை வந்து பார்த்தார். அந்நாய் மேலும் பத்தொன்பது நாள் இருந்தது.

மருத்துவர் கேட்ட அந்தக் கேள்வியே விரதத்தின் உரைகல். ஊசியை மறுப்பவர் இரவுக் காவலை ஏற்க வேண்டும். வலியைத் தணிக்காமல் உயிரை மட்டும் இழுத்துப் பிடித்துவிட்டுக் கொல்லாமை காத்தோம் என்று சொல்லிக்கொள்வது, அடித்தல் என்னும் அதிசாரத்துக்கு வெகு தொலைவில் இல்லை. வலி நீக்கும் மருந்து மயக்கம் தருமே என்று அஞ்ச வேண்டா. வலியைத் தணிப்பதே அங்கு எண்ணம். அதே சமயம், மூன்றாவது அறுவை, நான்காவது குழாய் என்று கிழ உடலை வாட்டியே தீர வேண்டும் என்றும் அறம் கட்டளையிடவில்லை. இறுதி நாளில் அது தானே முகத்தைத் திருப்பிக்கொண்டால் வாயைப் பிளந்து ஊட்டலாகாது. தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எட்டும் தொலைவில் இருக்க, அவ்வப்போது ஈரத் துணியால் வாயை நனைத்தால் போதும்.

படுக்கையில் விழுந்த நாயை நான்கு மணிக்கு ஒருமுறையாவது மறுபக்கம் திருப்ப வேண்டும். தவறினால் இடுப்பெலும்பு உறுத்தும் இடத்தில் புண் வரும். கீழே தடித்த மெத்தையும் அதன் மேல் எளிதில் உலரும் துணியும் இருக்கட்டும். சிறுநீர் பட்ட ரோமத்தை வெதுவெதுப்பான நீரில் துடைத்து ஈரம் போக ஒற்ற வேண்டும். ஓயாத மூச்சிரைப்பு, உறங்காமை, தொட்டால் சீறுதல் ஆகியவை வலியின் அறிகுறிகள். குரைத்து அழுதால்தான் வலி என்பதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கை வைக்கலாகாது. ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடிக்கும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உலர்ந்த திராட்சையும் நாய்க்கு நஞ்சாதலால், பிரசாதச் சர்க்கரைப் பொங்கலை அன்போடு அதற்கும் ஒரு கை வைப்பதை நிறுத்துக. வெங்காயமும் அதற்கு ஆகாது. அவ்வகையில் வெங்காயம் தவிர்க்கும் நம் சமையலறை அதற்கு ஏற்றதே!

உண்ணிகளைக் கொல்லும் மருந்து இம்சையன்றோ என்ற ஐயமும் நியாயமானது. வேண்டுமென்றே கொல்லும் சங்கல்ப இம்சையை இல்லறத்தான் அறவே விடுகிறான். காத்தலில் தவிர்க்க இயலாது நேர்வது வேறு என்று ஆசாரியர்கள் பிரித்துள்ளனர். எனினும் பிரித்துவிட்டார்களே என்று கவலையற்றிருக்கலாகாது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை பெருகி, நாய்க்குக் காய்ச்சலும் இரத்தச் சோகையும் கண்ட பிறகு மருந்து தெளிப்பதைவிட, நாள்தோறும் சீவி, படுக்கைத் துணியை வெயிலில் உலர்த்தி, வருமுன் காக்கும் மருந்தை மருத்துவர் சொன்ன நாளில் இடுவது இம்சையைப் பன்மடங்கு குறைக்கும்.

வீட்டில் வைத்துப் பேண இயலாத நோய் ஒன்றுண்டு, அது வெறிநோய். காரணமின்றித் தாடை தொங்கி எச்சில் வழியும் நாயின் வாயில் கை விடக் கூடாது. கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குச் செல்க. வெறிநோய் கண்ட தெருநாயைத் தனிமைப்படுத்தி இயற்கையாக இறக்கும் வரை வைத்திருக்க வேண்டும் என்றே 2001-ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகள் கூறின. பத்து நாளுக்குள் இறப்பு நேரும் என்பதும் அவ்விதியிலேயே குறிக்கப்பட்டிருந்தது. அடித்துக் கொல்வதே வழி என்று தெருவார் திரளும்போது நம்மவர் எடுத்துச் சொல்ல இச்செய்தி உதவும்.

இறுதி நேரத்தில் சீவகன் செய்ததை நம் பிள்ளைகளும் செய்யட்டும். வீட்டில் நடக்கும் மரணத்தைக் குழந்தைகளுக்கு மறைக்க வேண்டியதில்லை. ஐந்து பதங்களைத் தாழ்ந்த குரலில் அவர்களே ஓதலாம். உடலைக் குப்பைத் தொட்டியில் இடாது, இடமுள்ளோர் கிணற்றுக்கு எட்ட ஆழக் குழி தோண்டிப் புதைக்கலாம். இல்லாதோர் உள்ளாட்சி அலுவலகத்தை அணுகலாம்.

தேர்த்திருவிழாவுக்கு ஊர் செல்வோர், பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுக்கும்போது, நாயின் உணவு நேரத்தையும் மருந்தின் அளவையும் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவார்களாக.